எல்லோரும் எழுந்த ஞாயிற்றுக்கிழமை

என் மகள் தேவியைப் பள்ளியில் சேர்க்க நான் அலைந்த கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ரந்தாவிலிருந்து ஒரு வாசகி பேசினார். பத்திரிகை அலுவலகத்தில் என் எண்ணைக் கேட்டு வாங்கினாராம்.

"அதெல்லாம் சரிக்கா. உங்களுக்கு ஐசி எப்படிக் கெடைச்சிச்சி? அதச் சொல்லாமயே தாண்டிப் போயிட்டீங்களே லா" என்றார். ஐசி என்பது எங்கள் மலேசிய அடையாள அட்டை.

உண்மைதான், வேண்டுமென்றேதான் தாண்டினேன். அந்தக் கதையில் வருகிற ஒருவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். அவரைக் கேட்காமல் எழுதக்கூடாது என்று நினைத்தேன். போன வியாழக்கிழமை அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். தாழ்வாரத்தில் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "எழுது பிள்ளை. பேரையும் போடு" என்றார்.

போடுகிறேன். அவர் பெயர் செல்லதுரை.

நாற்காலிகள் உரசிய சத்தம்

சிரம்பான் ரஹாங்கில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில்தான் எங்கள் சபை கூடுகிறது. கீழே மோட்டார் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. ஆனால் எண்ணெய் வாடைக்கு விடுமுறை கிடையாது. அது படியேறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொள்ளும்.

அன்று ஆராதனை முடிந்து அறிவிப்புகள் வாசிக்கும் நேரம். பின்கட்டில் யாரோ பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் போதகர் ரூத் பாஸ்டர் மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுப் பேசினார்.

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு, பதிவு ஆபிஸ்ல சரசு அக்காவுக்கு நேர்காணல். அக்கா பொறந்தத நேர்ல அறிஞ்ச சாட்சி நமக்குக் கெடைக்கல. தேடிப் பார்த்தாச்சி. ஆனாலும் அக்கா தனியா போகப் போறதில்ல. லீவு எடுத்துட்டு யார் யார் கூட வர முடியும்? எந்திரிச்சி நில்லுங்க."

சரசு நான்தான். கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டேன். திங்கட்கிழமை காலை. எல்லோருக்கும் வேலை உண்டு. பாஸ்டரோடு இன்னொருவர் வந்தால் போதும், யாருமே எழாவிட்டால் இந்த இடத்தில் எப்படி உட்கார்ந்திருப்பது என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

சிமெண்டுத் தரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உரசும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு மழை பிடித்துக்கொள்வதுபோல் மொத்தமாக.

நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு முன்னால் முதுகுகளாக இருந்தன. கீபோர்டு வாசிக்கும் ரோஸ் எழுந்து நின்றாள். வீடுகளில் துப்புரவு வேலை செய்யும் மார்த்தா, இந்தோனேசியாக்காரி, ஒருநாள் போகாவிட்டால் முதலாளியம்மாவிடம் ஏச்சு வாங்குவாள்; அவளும் நின்றாள். சக்கர நாற்காலியில் இருக்கும் பெரியசாமி அண்ணன் எழ முடியாததால் இரண்டு கைகளையும் உயர்த்திப் பிடித்திருந்தார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று. காய்ச்சல் வருகிறதோ என்றுகூட நினைத்தேன். ஐம்பது வயதுவரை எனக்காக ஒரு கூட்டம் எழுந்து நின்றதில்லை. அப்படி நின்றால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து பார்த்ததும் இல்லை.

ஒருவர் மட்டும் எழவில்லை. மூன்றாவது வரிசையில், சன்னலோரம், செல்லதுரை ஐயா. மடியில் வேதப் புத்தகத்தை வைத்து அதன்மேல் இரண்டு கைகளையும் கவிழ்த்திருந்தார். திரும்பிப் பார்க்கவே இல்லை.

இருந்தும் இல்லாதவள்

புதிதாக இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

நான் பிறந்தது கோலா சாவா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், பின் லயத்தில். லயம் என்றால் தொழிலாளர்களின் வரிசை வீடு. எனக்கு மூன்று வயதில் அம்மா தவறிவிட்டார். அப்பா முத்தையா பால் வெட்டுத் தொழிலாளி. நல்ல குரல் அவருக்கு. பால் வாளியைத் தட்டிக்கொண்டே பாடுவார். எனக்குப் பத்தொன்பது வயதாகும்போது அவரும் போய்விட்டார்.

எனக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. அது இல்லாததால் அடையாள அட்டையும் இல்லை. அம்மாவும் அப்பாவும் நீல அட்டைக்காரர்கள்தான், அதாவது குடிமக்கள். நான் மட்டும் எந்தக் கணக்கிலும் வராமல் போனேன்.

ஏன் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். "போனேன்மா. எழுதித் தரல" என்பார். அதற்குமேல் பேச மாட்டார். எழுதித் தரவேண்டியவர் கிராணி, அதாவது தோட்டத்துக் குமாஸ்தா. லயத்தில் பிள்ளை பிறந்தால் கிராணி ஒரு துண்டுக் கடிதம் எழுதிக் கொடுப்பார். அதைக் கொண்டுபோய்ப் பதிவு செய்துகொள்வது எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் வழக்கம்.

கிராணி வீடு என்றால் எங்களுக்கு ஒரு தனி பயம். பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள். இங்கிலீஷ் பேசுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுப்புடன் சிரம்பானில் தேவாலயத்துக்குப் போவார்கள். எங்கள் ஆட்கள் அந்த வீட்டின் முன்படியில் ஏறியதில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுக் கீழே மண்ணில் நின்று கூப்பிடுவார்கள். அந்த வீட்டுச் சன்னலில் தொங்கிய பூப்போட்ட திரைச்சீலையைப் பார்க்கவே சிறுமியாக இருந்தபோது சுற்றுவழியில் போவேன். உள்ளே போகும் ஆசையெல்லாம் வந்ததில்லை, அவ்வளவு தூரத்தில் இருந்தது அது.

அட்டை இல்லாமல் ஐம்பது வருஷம் எப்படி வாழ்ந்தாய் என்று கேட்கிறார்கள். ஒதுங்கி வாழ்ந்தேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரு நல்ல ஆசிரியர் ஆறாம் வகுப்புவரை உட்கார வைத்தார். அதற்குப் பிறகு அம்பாங்கானில் ஒரு சாப்பாட்டுக் கடைப் பின்கட்டு. பஸ்ஸில் போகும்போது தூரத்தில் போலீஸ் விளக்கு சுழன்றால், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வந்த வழியே நடப்பேன். என் கைத்தொலைபேசி எண் கணவர் பெயரில். அவர் லாரி ஓட்டுநர், வாரத்தில் பாதி நாள் வடக்கே இருப்பார். எங்கள் கல்யாணம் மாரியம்மன் கோயிலில் நடந்தது, ஆனால் அட்டை இல்லாதவளோடு அதைப் பதிய முடியவில்லை. பதியாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளை தாயின் கணக்கில்தான் வரும் என்றார்கள். அதனால் தேவிக்கும் குடியுரிமை இல்லாமல் போனது.

அதுதான் என்னை உலுக்கியது. எனக்கு நடந்ததைப் பொறுத்துக்கொண்டேன். அது என் வயிற்றின் வழியாக அடுத்த ஆளுக்கும் போகிறது என்று தெரிந்தபோது பொறுக்க முடியவில்லை.

படியில் உட்கார்ந்திருந்தவள்

ரஹாங் சபையில் சனிக்கிழமைதோறும், பத்திரம் இல்லாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார்கள் என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். தேவியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் மேலே படிப்பாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து காத்திருப்பேன்.

நாலாவது சனிக்கிழமையோ ஐந்தாவதோ, ரூத் பாஸ்டர் இறங்கி வந்தார்.

"ஏன்க்கா படியிலயே ஒக்காந்திருக்கீங்க? மேல வாங்க."

"இல்ல பாஸ்டர், நாங்க கோயிலுக்குப் போறவங்க."

"நல்லது. கோயிலுக்குப் போறவங்க காப்பி குடிக்க மாட்டாங்களா?"

மேலே போனேன். காப்பி குடித்தேன். சாமியை மாற்றச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து நானாகவே என் கதையைச் சொன்னேன். எல்லோரும் சொல்வதுபோல் "ஐயோ பாவம்" என்று பாஸ்டர் சொல்லவில்லை. ஒரு நோட்டை எடுத்துவந்து, "எந்த ஆபிஸுக்குப் போனீங்க? என்ன ஃபாரம் குடுத்தாங்க? என்ன கொறையிதுன்னு சொன்னாங்க?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். என் வாழ்க்கையை ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொள்வதை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் போகத் தொடங்கினேன். வேறெங்கும் சேர்ந்து உட்காராத மனிதர்கள் அங்கே சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ரோஸ் ஒரு திருநங்கை. முன்பு போன சபையில் "அடுத்த வாரம் ஆம்பள மாதிரி உடுத்திட்டு வா" என்றார்களாம். அவள் அடுத்த வாரம் போகவே இல்லை. இங்கே அவள்தான் பாட்டை எடுத்துக் கொடுப்பாள். தோட்டத்து ஆட்கள், மருத்துவர், கணவனை விட்டு வந்தவர்கள், விடப்பட்டவர்கள், எல்லோரும் ஒரே பானைச் சோறு. சாப்பிட்டபின் வாரம் இருவர் தட்டுக் கழுவ வேண்டும். யாருக்கும் விலக்கில்லை.

அப்படி ஒரு வாரம் என்னோடு தட்டுக் கழுவ வந்தவர்தான் செல்லதுரை ஐயா. எழுபதைத் தாண்டியவர். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், சபைச் செயலாளர். தேய்த்து மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டையை முழங்கைவரை சுருட்டிவிட்டுக்கொண்டு, நான் சாப்பிட்ட தட்டை அவர் கழுவினார். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருடைய யாழ்ப்பாணத்துப் பேச்சைக் கேட்டதுமே கிராணி வீட்டு ஆள் என்று தெரிந்துபோயிற்று.

"எந்தத் தோட்டம் பிள்ளை?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"எந்த லயம்?"

"பின் லயம்யா. முத்தையா மக."

அவர் கையிலிருந்த தட்டு குழாய்க்கு அடியில் அப்படியே நின்றது. தண்ணீர் வழிந்து தரையில் ஓடியது. நான்தான் கை நீட்டிக் குழாயை மூடினேன்.

அன்றிலிருந்து அவர் என்னிடம் பேசவில்லை. என் மனுவைச் சபை கையில் எடுத்தபோது குழுக் கூட்டத்தில் எதிர்த்தவரும் அவர் ஒருவர்தான். "சபை வேறை, கந்தோர் வேறை. அரசாங்க அலுவலிலை நாங்கள் கை வைக்கக் கூடாது" என்றாராம். கந்தோர் என்றால் அவர்கள் பேச்சில் அலுவலகம். கிராணி ரத்தம் எங்கே போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியம்மாவின் பொய்

இத்தனை வருஷம் கழித்துப் பிறப்பைப் பதிய, அதை அறிந்த ஒருவர் சாட்சி சொன்னால் நல்லது என்றார்கள். அந்த அலுவலகத்தைக் குறை சொல்ல மாட்டேன். இல்லாத காகிதத்தை அவர்கள்தான் எங்கிருந்து எடுப்பார்கள்?

பல மாதம், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பாஸ்டரின் வேனில் சுற்றினோம். தோட்டத்தில் ரப்பரை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டுவிட்டார்கள். பின் லயம் இருந்த இடத்தில் காய்ந்த மட்டைகள் விழுந்து கிடந்தன. ஆட்கள் அம்பாங்கானிலும் ரந்தாவிலும் அடுக்குமாடிகளில் சிதறியிருந்தார்கள். எனக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி இறந்து பல வருஷம். ஒருவருக்கு அப்பாவின் பாட்டு நினைவிருந்தது. என்னை நினைவில்லை.

ரந்தாவில் ஒரு பெரியம்மா, "நான் பார்த்தேன்னு சொல்லிடறேன்லா. என்ன இப்ப? ஒரு கைநாட்டுதான்" என்றார்.

எனக்கு அப்படியே அவர் காலில் விழத் தோன்றியது. ஆனால் ரூத் பாஸ்டர், "நீங்க பார்த்தீங்களா பெரியம்மா? நெஜமாவா?" என்று கேட்டார்.

"பார்த்த மாதிரிதான்."

"அப்ப வேணாம் பெரியம்மா. காப்பி ரொம்ப நல்லாருந்திச்சி."

திரும்பி வரும்போது வேனில் எனக்குக் கோபம். ஐசி உள்ளவர்களுக்கு நேர்மையாக இருப்பது சுலபம் என்று நினைத்தேன். வீட்டு வாசலில் இறங்கும்போது அதைச் சொல்லியும் விட்டேன். பாஸ்டரின் முகம் சிவந்தது. "நீங்க சொல்றது சரிதான்க்கா. எனக்குச் சுலபம்தான். ஆனா பொய்யில நிக்கிற அட்டையப் பிடுங்க அவங்களுக்கு ஒரு நாள் போதும்" என்றார்.

இப்படியாக, சாட்சி இல்லாமலே நேர்காணல் நாள் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. எல்லோரும் எழுந்தார்கள். அவர் ஒருவர் எழவில்லை, சாப்பிடவும் நிற்காமல் போய்விட்டார்.

மரத்தடி பெஞ்சு

திங்கட்கிழமை ஏழு மணிக்கே தேவியும் நானும் போய்விட்டோம். கதவு திறக்கவில்லை. வெளியே அங்சானா மரத்தடியில் ஒரு பெஞ்சு. அதில் செல்லதுரை ஐயா உட்கார்ந்திருந்தார். கழுத்தில் டை. கையில் ஒரு பழுப்புக் கோப்பு.

"பிள்ளை, இஞ்சை வா. மற்ற ஆக்கள் வர முந்தி உனக்கு ஒண்டு சொல்ல வேணும்."

நின்றபடியே கேட்டேன்.

"அந்தத் தோட்டத்திலை என்ரை அப்பா பெரிய கிராணி. நான் பள்ளிக்கூடம் முடிச்சு அவருக்குக் கீழை சின்னக் கிராணியா இருந்தனான். பிறப்புக் கடிதம் எழுதிக் குடுக்கிறது என்ரை வேலை."

நான் கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன்.

"உன்ரை அப்பா வந்தவர். பொம்பிளைப் பிள்ளை பிறந்திருக்கு, சரஸ்வதி எண்டு பேர் வைக்கப் போறம் எண்டு சிரிச்சுக்கொண்டு சொன்னவர். உடுப்பிலை ரப்பர் பால் நாத்தம். குளிச்சிட்டு வா எண்டனான். குளிச்சிட்டு வந்தவர். அப்ப நான் பந்து விளையாட வெளிக்கிடுற நேரம். நாளைக்கு வா எண்டனான். அடுத்த நாளும் வந்தவர்."

"பொறகு?"

"பிறகு எழுதுவம் எண்டு விட்டிட்டன். நாள் பிந்திப் போச்சு. பிந்தினது தெரிஞ்சா அப்பா ஏசுவார் எண்டு அப்பிடியே மூடிப் போட்டன். மறந்து போனன் எண்டு சொன்னா அது பொய். மறக்கேல்லை."

ஏதோ ஒரு மோட்டார் சைக்கிள் எங்களைக் கடந்து போனது நினைவிருக்கிறது.

"ஐம்பது வருஷம்யா" என்றேன்.

"ஓம்."

"எத்தன மாசமா வேன்ல சுத்துனோம். நீங்க அங்கதான் ஒக்காந்திருந்தீங்க. பார்த்துக்கிட்டே."

"ஓம் பிள்ளை. வெக்கம். சபையிலை என்னை எல்லாரும் பெரிய மனுசன் எண்டு நினைச்சவை. நேற்று எல்லாரும் எழும்பினதைப் பாத்தன். எனக்கு எழும்ப ஏலாமப் போச்சு. சும்மா கூட வந்து நிக்கிற ஆள் இல்லை நான்." கொஞ்சம் நிறுத்தினார். "மன்னிக்கச் சொல்லிக் கேக்கேல்லை. சாட்சி சொல்ல வந்தனான். வேண்டாமெண்டா இப்பவே போறன்."

நான் வேலிப்பக்கம் நடந்துபோனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா குளித்துவிட்டு, ஈரத்தலையோடு, அந்தப் படிக்குக் கீழே நிற்பது தெரிந்தது. மறுநாளும் நிற்பது தெரிந்தது. 'எழுதித் தரல' என்று அவர் சொல்லும்போது ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

தேவி பின்னால் வந்து என் தோளைத் தொட்டாள். பதினேழு வயது அவளுக்கு. அவளும் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"ம்மா, அவரு சொல்லட்டும்மா. கத்துறத பொறகு கத்திக்கலாம்."



அதற்குள் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். வேனில், மோட்டாரில், பஸ்ஸில். ரோஸ் நல்ல சேலை கட்டியிருந்தாள். மார்த்தா முதலாளியம்மாவிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். பெரியசாமி அண்ணனின் நாற்காலியை நாலு பேர் தூக்கிப் படியேற்றினார்கள். காவலாளி என்ன விசேஷம் என்று கேட்டார்.

என் எண்ணைக் கூப்பிட்டார்கள். நான் செல்லதுரை ஐயாவைப் பார்த்து, "வாங்க" என்றேன். ஒரு சொல்தான்.

கவுண்டரில் இளம்வயது மலாய்ப் பெண் அதிகாரி. என்னைப் பார்த்தார். என் பின்னால் சுவர்வரை நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"செமுவா நி சவுடாரா புவான் கே?"

இவர்கள் எல்லோரும் உங்கள் உறவினர்களா என்று கேட்கிறார். தமிழர், சீனப் பெண் ஒருத்தி, ஜெலுபுவிலிருந்து வரும் ஓராங் அஸ்லி பழங்குடித் தம்பதி, இந்தோனேசியாக்காரி. நான் திரும்பிப் பார்த்தேன். ஒருவர்கூடக் கண்ணை விலக்கவில்லை.

"யா, செமுவா" என்றேன். ஆமாம், எல்லோரும்.

அவர் சிரிக்கவில்லை. தலையை அசைத்தார்.

செல்லதுரை ஐயாவுக்கு நாற்காலி போட்டார்கள். உட்கார மாட்டேன் என்றார். நின்றுகொண்டு, அரசாங்க அலுவலகத்தில் வாழ்நாள் பூராவும் பேசிய சுத்தமான மலாயில், "சாயா யாங் சாலா" என்று தொடங்கினார். தவறு செய்தவன் நான்தான். தோட்டத்தின் பெயர், தன் அப்பாவின் பெயர், தன் வேலை, என் அப்பா வந்தது, குளித்துவிட்டு வரச் சொன்னது, பந்து விளையாடப் போனது. ஒன்றையும் குறைக்கவில்லை. மரத்தடியில் எனக்குச் சொன்னதைவிடச் சத்தமாகச் சொன்னார். பின்னால் நின்றவர்களுக்கு அப்போதுதான் தெரியும். ரூத் பாஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஏன் இத்தனை காலம் சொல்லவில்லை என்று கேட்டார்.

"மாலு" என்றார் ஐயா. வெட்கம்.

வேறு வேலையாக வந்த ஆட்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், கோயில் திருவிழாவில் அக்கினிச் சட்டி எடுத்தவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அன்று அந்தக் கிழவர் டை கட்டிக்கொண்டு எல்லோர் முன்னாலும் தன்னைத் தானே பிடித்துக் கொடுத்ததைப் பார்த்தபோது வந்த நடுக்கம் வேறெங்கும் வந்ததில்லை. கோபம் போகவில்லை. கோபத்தோடு சேர்ந்து அந்த நடுக்கமும் இருந்தது.

வாக்குமூலம் எழுதினார்கள். அதை அவர் இரண்டு தடவை வாசித்தார். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தச் சொன்னார். கையெழுத்துப் போட்டபிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஒரு ரொட்டி

அன்றே மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். எழுத முடியாது. பல வாரம் அவர் இருக்கும் பக்கம் திரும்பவில்லை.

அவர் செயலாளர் பொறுப்பை விட்டுவிட்டார். அடுத்த ஞாயிறு, வராதவர்களுக்காக எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை சபையில் சொன்னார். ரோஸ் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். "உங்களுக்காகத்தான்க்கா" என்றாள் என்னிடம். ஐயா சன்னலோரம் இருந்த இடத்தை விட்டுக் கடைசி வரிசைக்கு மாறினார். திருவிருந்து வாங்க முன்னால் போவதில்லை. எல்லோரும் அப்பம் வாங்கித் திரும்பும்வரை தரையைப் பார்த்தபடி இருப்பார்.

எங்கள் சபையில் திருவிருந்து எல்லோருக்கும் திறந்தது. ஞானஸ்நானம் எடுத்தவரா என்று கேட்பதில்லை. நான்தான் போனதில்லை. நமக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

ஒரு மழைநாள். தகரக் கூரையில் மழை அடித்ததில் பாஸ்டர் சொன்னது எதுவும் கேட்கவில்லை. அவர் ரொட்டியை உயர்த்திப் பிடித்ததுமட்டும் தெரிந்தது. எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று இன்றுவரை எனக்கு விளக்கத் தெரியாது. முன்னால் போகாமல் பக்கவாட்டில் நடந்து செல்லதுரை ஐயா முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, எந்திரிங்க."

அண்ணாந்து பார்த்தார். "எனக்குக் கால் வரேல்லை பிள்ளை."

"என் கையப் புடிச்சிக்கிங்க."

பிடித்துக்கொண்டார். கை சில்லென்று இருந்தது. இரண்டு பேரும் நடுவழியில் நடந்தோம். வழியிலிருந்த நாற்காலியை ரோஸ் இழுத்து ஒதுக்கினாள். பாஸ்டர் ஒரே துண்டு ரொட்டியைப் பிட்டு அவருக்குப் பாதி, எனக்குப் பாதி கொடுத்தார். சாதாரணக் கடை ரொட்டி, ஓரம் கொஞ்சம் கருகியிருந்தது. அதை மெல்லும்போது, இந்த அறையில் என்னை யாரும் இனி வெளியே நிறுத்த முடியாது என்று தோன்றியது. அவரையும்தான்.

நடு எண்கள்

அட்டை வர இன்னும் இரண்டு மழைக்காலம் ஆனது. அதற்கு முன்பே ஞானஸ்நானம் கேட்டேன். பாஸ்டர் மறுத்துவிட்டார். "அட்டைக்கு நன்றியா அது வேணாம்க்கா. அட்டை வரட்டும், கோபம் தீரட்டும், அப்பவும் தோணினா கேளுங்க." பிறகு கேட்டேன், பிறகு நடந்தது. மாரியம்மன் படமும் என் வீட்டில்தான் இருக்கிறது.

தேவியின் மனு இன்னும் முடியவில்லை. கூப்பிடும்போதெல்லாம் கூட்டமாகவே போகிறோம். காவலாளி இப்போது விசேஷம் கேட்பதில்லை, பெரியசாமி அண்ணனின் நாற்காலிக்கு அவரும் ஒரு கை கொடுக்கிறார்.

என் அட்டையை வாங்கிய வாரம் சபைக்குக் கொண்டுபோனேன். எல்லோரும் கைமாற்றிப் பார்த்தார்கள். படத்தில் நான் பயந்ததுபோல் இருக்கிறேன் என்று மார்த்தா சிரித்தாள். செல்லதுரை ஐயா பின்கட்டில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். போய் நீட்டினேன்.

கையை இரண்டு தடவை துடைத்தார். கண்ணாடியை மாட்டினார். என் பெயரை ஒவ்வோர் ஆங்கில எழுத்தாக, விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். கூடவே அப்பாவின் பெயரையும்.

"எழுத்தெல்லாம் சரி" என்றார். பிறகு எண்ணைக் காட்டினார். "இந்த நடுவிலை இருக்கிற ரெண்டு இலக்கம் என்ன தெரியுமோ? சைபர் அஞ்சு. நெகிரி செம்பிலானிலை பிறந்தவள் எண்டு அர்த்தம்."

நான் எங்கே பிறந்தேன் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் அதைக் கேட்டபோது நின்ற இடத்திலேயே அழுதேன்.

அவர் அட்டையைத் திருப்பித் தரவில்லை. "இன்னொருக்கா வாசிக்கட்டோ?" என்று கேட்டார்.

"வாசிங்க ஐயா."

முதல் எழுத்திலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கினார். இந்தத் தடவை சத்தமாக. கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.